விண்டோஸ் 11-க்காக புது லேப்டாப் இஎம்ஐ போடணுமா?

மதுரை வடபழஞ்சி ஐடி பார்க்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாம், லேப்டாப்பையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க. இஎம்ஐ போடவா?"

அவசரப்படாதீங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான செக்யூரிட்டி அப்டேட் நின்னது உண்மை. லேப்டாப் பாட்டுக்கு ஓடும். அப்டேட் இல்லாம அதுல நெட் பேங்கிங் பண்றதுதான் ஆபத்து.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் போதும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது. (4 ஜிபியில ஓடும், ஆனா மாட்டுவண்டிதான்.) பலர் மாட்டிக்கிறது பிராசஸர்ல. இன்டெல்னா பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது இருக்கணும். கூடவே ரகசியக் குறியீடுகளைப் பூட்டி வைக்கிற டிபிஎம் 2.0 வேணும். பல மெஷின்ல இது உள்ளேயே இருக்கும், பயாஸ்ல ஆஃப்ல கிடக்கும். ‘பிசி ஹெல்த் செக்’ ஆப் ஓட்டிப் பாருங்க. ஆன் பண்ணாலே செலவில்லாம வேலை முடியலாம்.

நிஜமாவே பழைய மெஷினா? மைக்ரோசாஃப்ட் கணக்குல செட்டிங்ஸை சிங்க் பண்ணிப் பதிவு செஞ்சா, 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் இலவசம். அதுவரை அந்த இஎம்ஐ தொகையை ஆர்டியில போடுங்க.

லினக்ஸும் இருக்கு. 2011-ல தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சே, எத்தனை பேர் திறந்தோம்? இன்னைக்கு லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ரேம்லயே ஓடும். ஆபீஸ் வேலைக்கு எக்செல் மேக்ரோ கட்டாயம்னா மட்டும் ஒத்துவராது.