எஞ்சினுக்கு ஓர் அச்சாணி

கோயில் தேர் எத்துணைப் பெரியதாயினும், அதன் சக்கரம் கழன்றுவிடாது காப்பது சிறியதோர் அச்சாணியே. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள்ளும் அத்தகைய அச்சாணிகள் உள்ளன. கச்சான் பருப்பின் ஒரு பாதியளவே உள்ள எஃகுத் துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஒவ்வொரு வால்வுத் தண்டின் நுனியையும் பற்றி நிற்கின்றன. அவற்றை வால்வுப் பூட்டுகள் என்று அழைக்கலாம். வீட்டிலே எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்போருட் பலர், பிஸ்டனுக்கும் கஸ்கட்டுக்கும் காட்டும் கவனத்தை இந்தச் சிறு துண்டுகளுக்குக் காட்டுவதில்லை. ஆனால் ஓடும் எஞ்சின் ஒரு கணத்தில் உடைந்து நாசமாவதற்கு இவற்றுள் ஒன்று நழுவினாலே போதும்.

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இது சிறிய விஷயமன்று. அங்குள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பலவும் பிரதான வீதியை விட்டு விலகி, மலைச்சரிவுகளில் அமைந்தவை. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே, இரவு வேளையில் ஒருவருக்கு நோய் கடுமையானால், மழையிலும் இருளிலும் வைத்தியசாலைக்குச் செல்வதற்கு லயத்திலோ கடைத்தெருவிலோ உள்ள ஒரு பழைய காரே துணையாக இருப்பதுண்டு. அந்தக் கார் வழியில் நின்றால், அது பணநட்டத்தோடு முடிகின்ற காரியமன்று.

பழைய கார் என்றவுடன் இலங்கையில் பலருக்கும் நினைவில் வருவது மொரிஸ் மைனர் ஆகும். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்த வண்டி 1948ஆம் ஆண்டில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியதும் இதுவே. 1971ஆம் ஆண்டுடன் இதன் உற்பத்தி நின்றுபோயிற்று. எனினும் இலங்கை வீதிகளில் இது இன்றும் ஓடுகின்றது. அதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, கையிலிருந்த வண்டியைக் காப்பாற்றுவதே வழியாயிற்று. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கப்பட்டது. இவ்வாறு நெருக்கடி வரும்போதெல்லாம், பழுது பார்க்கும் கையே புதிய காருக்கு ஈடாக நின்றிருக்கின்றது.

மொரிஸ் மைனரில் 1952 முதல் பொருத்தப்பட்ட எஞ்சினில் வால்வுகள் மேற்புறத்தே அமைந்துள்ளன. முதலில் 803 கன சென்ரிமீற்றராக இருந்த அதன் கொள்ளளவு 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் உயர்ந்தது. சிலிண்டர்கள் நான்கு; சிலிண்டருக்கு இரண்டாக வால்வுகள் எட்டு; வால்வுக்கு இரு பாதியாகப் பூட்டுத் துண்டுகள் பதினாறு. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் 1500 தடவை திறந்து மூடும். அதாவது ஒரு விநாடியில் 25 தடவை. ரொக்கர் என்னும் நெம்புகோல் வால்வைக் கீழே அழுத்தித் திறக்கின்றது. ஸ்பிரிங் அதனை மேலே இழுத்து மூடுகின்றது. அந்த ஸ்பிரிங்கின் விசை வால்வைச் சென்றடைவது பூட்டுத் துண்டுகளின் வழியாகவே.

இவ்வளவு சிறிய துண்டுகள் எவ்வாறு அத்தனை விசையைத் தாங்குகின்றன? ஸ்பிரிங்கின் மேலே ஒரு கிண்ணம் உண்டு. அதன் நடுத்துளை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். பூட்டின் இரு பாதிகளும் சேர்ந்தால் அதே சாய்வுடைய ஆப்பாகும். அவற்றின் உட்புறம் வால்வுத் தண்டிலுள்ள பள்ளத்தில் அமரும். ஸ்பிரிங் கிண்ணத்தை மேலே தள்ளத் தள்ள, கிண்ணம் இரு பாதிகளையும் தண்டோடு சேர்த்து நெருக்கும். தோட்டத்தில் பிக்காசு பிடிப்போர் இதனை எளிதில் உணர்வர். பிக்காசின் கண்ணும் காம்பின் நுனியும் சாய்வாக இருத்தலால், ஓங்க ஓங்க அது இறுகுமேயன்றிக் கழலாது. ஆனால் துண்டு பள்ளத்தில் சரியாக அமர்ந்திருந்தால் மட்டுமே இந்த இறுக்கம் உண்டாகும்.

இனி வேலையின் ஒழுங்கைக் காண்போம். இந்த எஞ்சினில் ரொக்கர்களைத் தாங்கும் தூண்களைப் பிடித்துள்ள நட்டுகளிற் சில, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஆகவே அவற்றை மட்டும் தனியே கழற்றுதல் ஹெட்டை வளையச் செய்யும். முதலில் ரேடியேற்றர் நீரை வடித்துவிட்டு, ஹெட்டின் எல்லா நட்டுகளையும் முறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய தள்ளுகோல்களையும் வால்வுகளையும் அவற்றின் வரிசை மாறாது வைத்தல் அவசியம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையொன்றில் எட்டுத் துளைகளிட்டு எண் எழுதிவிட்டால், அதைவிடச் சிறந்த தாங்கி வேறில்லை. பின்பு எஞ்சினின் திறந்த வாய்கள் யாவற்றையும் சுத்தமான துணியால் மூடிவிட வேண்டும். தள்ளுகோல் துளைக்குள் ஒரு சிறு துண்டு விழுந்துவிட்டால், அதனைத் தேடுவது பெரும்பாடாகிவிடும்.

வால்வுகளைத் தேய்த்து இருக்கையோடு பொருந்தச் செய்தபின், தேய்ப்புப் பசை ஒரு துளியும் எஞ்சாது கழுவுதல் வேண்டும். பூட்டுத் துண்டுகளையும் கழுவி உற்று நோக்குக. உட்புற விளிம்பு தேய்ந்தோ, ஒரு பாதி மற்றதினும் மெலிந்தோ இருப்பின் அந்தச் சோடியை மாற்றிவிடுவதே நன்று. பழைய பாதியோடு புதிய பாதியைச் சேர்த்தல் கூடாது. தண்டின் பள்ளமும் கூர்மை மழுங்கியிருந்தால், புதிய பூட்டும் பயன்படாது. வால்வையே மாற்ற வேண்டும்.

தண்டுக்கு எண்ணெய் பூசி வால்வை அதன் இடத்தில் செருகி, ஸ்பிரிங்கையும் கிண்ணத்தையும் வைத்து, ஸ்பிரிங் அமுக்கியால் பள்ளம் நன்கு வெளியே தெரியும்வரை அழுத்துக. அமுக்கியின் பிடி நழுவினால் ஸ்பிரிங் முகத்தில் பாயக்கூடும். ஆதலால் கண்ணாடி அணிதல் வேண்டும்; முகத்தை நேர்மேலே நீட்டுதலும் ஆகாது. எண்ணெய் கசியாதிருக்கத் தண்டில் அணியும் இறப்பர் வளையம் சிறியதேயாயினும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருத்தல் வேண்டும். அதனைச் சுத்தமான எஞ்சின் எண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்து, பள்ளத்தின் கீழ்ப்புறமாகத் தள்ளி அமர்த்துக.

இனித்தான் பலரும் பொறுமை இழக்கும் கட்டம் வருகின்றது. விரலால் துண்டைப் பிடித்துச் செருக முயன்றால், அது வழுக்கி எங்கோ பறந்துவிடும். மெல்லிய திருப்புளியின் நுனியில் சிறிது கிரீஸ் தடவி, துண்டின் வெளிப்புறத்தை அதில் ஒட்டி எடுத்துச் சென்றால் எளிதாக அமரும். பள்ளத்திலும் சிறிது கிரீஸ் இட்டால், முதற்பாதி விழாது நிற்க, இரண்டாம் பாதியை எதிர்ப்புறம் வைக்கலாம். இரு பாதிகளுக்கும் இடையே இருபுறமும் தெரியும் இடைவெளி சமமாக இருத்தல் வேண்டும். ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் நின்றால், மீண்டும் அழுத்தி எடுத்துத் திருத்துக. பின்பு அமுக்கியை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். பூட்டைச் சுற்றிக் கம்பி வளையம் உள்ள அமைப்பாயின் அதையும் மறவாது இடுக. இறுதியாக, ஹெட்டைக் கட்டை மீது சற்று உயர்த்தி வைத்து, மரச் சுத்தியலால் தண்டின் நுனியை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். சரியாக அமராத பூட்டு வீதியில் கழல்வதைவிட மேசையிலேயே கழல்வது நல்லதன்றோ? வால்வு நன்றாக மூடுகின்றதா என்பதை அறிய, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவைப் பார்த்தாற் போதும்.

ஹெட்டை மீண்டும் பொருத்தும்போது, நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் படிப்படியாக நட்டுகளை இறுக்குக. பெரிய நட்டுகளுக்கு 40 இறாத்தல்-அடியும், ரொக்கர்த் தூணின் சிறிய நட்டுகளுக்கு 25 இறாத்தல்-அடியும் அளவாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ரொக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையே 0.012 அங்குல இடைவெளி இருத்தல் வேண்டும். இதற்கு ஒன்பதின் கணக்கு உதவும். எட்டாம் வால்வு முற்றத் திறந்திருக்கும்போது முதலாம் வால்வையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் சரிசெய்க; இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி இல்லாவிடின் வால்வு முற்றும் மூடாது கருகிவிடும். மிகுந்துவிட்டால் ஓசையும் பெருகும், வலிமையும் குன்றும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை நோக்கி ஏறும் வீதியில் அந்தக் குறை உடனே தெரிந்துவிடும். சிறிது தூரம் ஓடியபின் இறுக்கத்தையும் இடைவெளியையும் மறுபடி பார்ப்பது நலம்.

பூட்டு நழுவினால் நேர்வது என்ன? ஸ்பிரிங்கின் பிடியை இழந்த வால்வு சிலிண்டருக்குள் விழும். மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் மோதும். பிஸ்டன் உடையும், ஹெட் பிளக்கும், சில வேளை சிலிண்டர்ச் சுவரும் வெடிக்கும். ஒரு சோடிப் பூட்டுக்காகும் செலவு அற்பம். அதன் பிழையால் வரும் செலவோ முழு எஞ்சினின் விலை.

இருக்கைகளை வெட்டித் திருத்துதலும், வளைந்த ஹெட்டைச் சமன் செய்தலும் கடைசல் இயந்திரமுள்ள கராஜுக்கே உரிய வேலைகள். ஆனால் பூட்டை அமர்த்துதற்கு வேண்டுவன நல்ல வெளிச்சம், சுத்தமான மேசை, சிறிது கிரீஸ், அவசரமற்ற ஒரு பிற்பகல் ஆகியனவே. மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையில் பதினாறு துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அமர்த்தியவரின் வண்டி, ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் மலையிறங்கும்போதும் வழியில் நின்று கைவிடாது.