பகல் கொசுவுக்கு இரவில் மட்டும் காவலா?

சென்னையில் மாலை ஆறு மணி ஆனதும் வீடு வீடாக ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிடுவார்கள். சுவிட்ச் போர்டில் கொசு மருந்து ஏறும், கட்டிலில் வலை இறங்கும். இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேவைதான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதற்குள் அன்றைய வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும். விடிந்த பின் சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரமும்தான் அது மும்முரமாகக் கடிக்கும். குழந்தைகள் சீருடையோடு பள்ளி வேனுக்காக வாசலில் நிற்பதும், பள்ளி விட்டு வந்து தெருவில் விளையாடுவதும் அந்த நேரங்களில்தான்.

கொசு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சென்னைவாசியைக் கடிப்பவை முக்கியமாக மூன்று வகை. கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் சாக்கடையிலும் பெருகி, ராத்திரி முழுவதும் காதருகே ரீங்காரமிடுவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் வகை அது. கிணறுகளிலும் மூடாத மாடித் தொட்டிகளிலும் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி, நகரத்து மலேரியாவுக்குக் காரணம். இதுவும் இரவில் கடிப்பதுதான். மூன்றாவது, கால்களில் வெள்ளை வரியோடிய ஏடிஸ். வீட்டுக்குள்ளேயே, சுத்தமான தண்ணீரில் பிறந்து, கட்டிலுக்கடியிலும் துணிமணிகளுக்குப் பின்னாலும் தங்கி, சத்தம் காட்டாமல் கணுக்காலில் கடிக்கும். கொஞ்சம் அசைந்தாலும் பறந்துபோய்ப் பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலர் காய்ச்சலில் விழுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

எல்லா வகையிலும் கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை உருவாக அதற்கு ரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். நாம் வெளிவிடும் கரியமில வாயு, உடல் சூடு, வியர்வை வாசனை ஆகியவற்றை வைத்து அது ஆளைக் கண்டுபிடிக்கிறது.

நம் தற்காப்புச் சாதனங்களில் பலவும் இரவை மனத்தில் வைத்துப் பிறந்தவை. ஜப்பானைச் சேர்ந்த உவேயமா எய்ச்சிரோ 1890களில் செய்த கொசுவிரட்டி, ஊதுவத்தி போன்ற குச்சியாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். அதைச் சுருளாகச் சுற்றினால் ஒரு தூக்கம் முழுவதும் எரியும் என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூகி. இன்று நாம் கொளுத்தும் சுருள் அப்படி வந்ததுதான். அதன் புகை கொசுவை மட்டும் தொடுவதில்லை. ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவடைத்த சிறிய அறையில், கைக்குழந்தையின் அருகில் சுருள் கொளுத்துவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

வலை அப்படியல்ல. அது எந்தப் புகையும் இல்லாத கவசம். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா பாதிப்புகள் சுமார் 66 கோடி என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு மருந்து தோய்த்த வலைகளால் தடுக்கப்பட்டவை என்றும் ஓர் ஆய்வு சொல்கிறது. அங்கே மலேரியாக் கொசு பெரும்பாலும் தூங்கும் நேரத்தில் கடிப்பதால் வலை அத்தனை பலன் தந்தது. நம் வீட்டில் டெங்குவுக்கு எதிராக அதே பலன் வேண்டுமானால், பகலில் தூங்குகிறவர்களுக்கும் வலை கட்ட வேண்டும். கைக்குழந்தை, பிள்ளை பெற்றவள், இரவு வேலை முடிந்து வந்து படுப்பவர், படுக்கையில் இருக்கும் முதியவர் எல்லோருக்கும்தான்.

டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு வலை இன்னும் அவசியம். முதல் ஐந்தாறு நாட்கள் அவருடைய ரத்தத்தில் கிருமி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் ஏடிஸ், சில நாட்கள் கழித்து வீட்டில் மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கும். நோயாளிக்குக் கட்டும் வலை, குடும்பத்துக்குக் கட்டும் வலை.

பகலில் நடமாடுகிறவர்களுக்கு உடையும் களிம்பும்தான் துணை. முழுக்கை, முழுக்கால் உடை, அதுவும் தளர்வாக, வெளிர் நிறத்தில் இருப்பது நல்லது. அடர்ந்த நிறங்கள் ஏடிஸை ஈர்க்கும். தோலோடு ஒட்டிய லெகிங்ஸைத் துளைத்தே அது கடித்துவிடும். மின்விசிறிக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது என்பதால் வகுப்பறையிலும் கடையிலும் விசிறி நல்ல உதவி.

தோலில் பூசும் மருந்துகளில் நெடுநாள் சோதிக்கப்பட்டது டீட். அமெரிக்க ராணுவம் 1946-இல் வீரர்களுக்காக உருவாக்கியது அது. 2002-இல் ஒரு சோதனையின் முடிவுகள் வெளியாயின. ஏடிஸ் கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் பலவகை மருந்துகள் பூசிய கைகளை நுழைத்துப் பார்த்தார்கள். சுமார் 24 சதவீத டீட் பூசிய கை சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா எண்ணெய் வகைகள் பெரும்பாலும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டுப் பட்டைகளோ ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பிள்ளையின் கையில் பட்டையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். பிகாரிடின் கலந்த மருந்துகளும் நன்றாக வேலை செய்கின்றன. எதை வாங்கினாலும் உறையில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பார்ப்பது முக்கியம். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு டீட் கூடாது. சின்னப் பிள்ளைகளின் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசினால் அது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளுக்குச் செலவழிப்பது வீண். அவை கடியைக் குறைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இவ்வளவு செய்தாலும், கொசு வீட்டிலேயே பிறந்துகொண்டிருந்தால் என்ன பயன்? ஏடிஸ் பிறந்த இடத்திலிருந்து அதிகம் போனால் சில நூறு மீட்டர்தான் பறக்கும். நம்மைக் கடித்த கொசு நம் வீட்டிலோ அடுத்த சில வீடுகளிலோதான் பிறந்திருக்கும். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து ட்ரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கும் நகரத்தில் ஏடிஸுக்குத் தொட்டில்களுக்குப் பஞ்சமில்லை. வடகிழக்குப் பருவமழை வந்தால் மொட்டை மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, பழைய ஆட்டுக்கல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

ட்ரம் தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். ஒட்டிக்கொண்ட முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். ஆகவே ட்ரம்மின் உட்புறத்தைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை தேய்த்தால் போதும். ட்ரம்மோடு ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டையும் பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டையும் சேர்த்துக் கழுவுங்கள். மாநகராட்சிப் பணியாளர் தொட்டியைப் பார்க்க வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.