சாவி யார் கையில், பொறுப்பு யார் தலையில்?

பல்கலைக்கழக வேலையாக வண்டி ஓட்டும் ஊழியர் விபத்தில் சிக்கினால், அடிபட்டவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஓட்டியவரின் கதிதான் கேள்விக்குறி.

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், ராஜர்ஹாட் வயல்களும் நீர்நிலைகளும் இருந்த இடத்தில் எழுந்து நிற்கிறது நியூ டவுன். 1999ல் அமைக்கப்பட்ட ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் திட்டமிட்டு உருவாக்கிய நகரம் இது. அகலமான விஸ்வ பாங்ளா சரணி, அதன் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே ஈகோ பார்க். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு அடுத்தபடியாக இங்கே அதிகம் கண்ணில் படுபவை பல்கலைக்கழகங்கள்தான். ஆலியா, பிரசிடென்சி, அமிட்டி, செயின்ட் சேவியர்ஸ் என்று பட்டியல் நீள்கிறது.

இவற்றில் சிலவற்றுக்கு ஒரு கால் இங்கே, மறு கால் பழைய நகரத்தில். 1817ல் இந்து கல்லூரியாகப் பிறந்து 2010ல் பல்கலைக்கழகமான பிரசிடென்சியின் தாய்வீடு காலேஜ் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. இரண்டாவது வளாகம் நியூ டவுனில். ஆலியா பல்கலைக்கழகத்துக்கு நியூ டவுன் தவிர பார்க் சர்க்கஸிலும் தால்தலாவிலும் வளாகங்கள் உண்டு. இப்படி ஒரு நிறுவனம் இரண்டு மூன்று இடங்களில் பிரிந்து கிடந்தால், விடைத்தாள் கட்டுகள், ஆய்வுக்கூடக் கருவிகள், கையெழுத்தாக வேண்டிய கோப்புகள் எல்லாமே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். வெளியூர்த் தேர்வாளரை தம்தம் விமான நிலையத்திலிருந்து அழைத்து வர வேண்டும்.

நிறுவனத்துக்கு டிரைவர்கள் இருப்பார்கள். ஆனால் டிரைவர் விடுப்பில் போன நாளிலும் வேலை நிற்காது. நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடக்கக்கூடியதுதான் இது. கார் ஓட்டத் தெரிந்த உதவிப் பேராசிரியரிடமோ, ஆய்வக உதவியாளரிடமோ, ‘வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே போய் வந்துவிடுங்களேன்’ என்று சாவி நீட்டப்படும். எழுத்தில் எதுவும் இருக்காது. நல்லபடியாகத் திரும்பி வந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. வழியில் ஒரு சைக்கிள்காரர் மீது மோதிவிட்டால்தான், அந்த வாய்மொழி உத்தரவு யாருடையது என்ற தேடல் தொடங்கும்.

நீதிமன்றம் கேட்கும் கேள்வி

அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு தர வேண்டியது ஓட்டியவரா, அவரை அனுப்பியவரா? இதற்கு உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 1952ல் உதய்பூரில் கலெக்டரின் உபயோகத்துக்கான அரசு ஜீப் ஒன்றை ரிப்பேர் முடிந்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தார் தற்காலிக டிரைவர் ஒருவர். வழியில் ஜீப் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்தார். ‘அரசு வேலையில் நடந்தது, எங்கள் மீது வழக்குப் போட முடியாது’ என்றது ராஜஸ்தான் அரசு. 1962ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனியார் முதலாளிக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு அரசுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது.

பல்கலைக்கழக ஊழியர்களுக்கு இன்னும் நெருக்கமானது 1977ல் வந்த புஷ்பாபாய் வழக்குத் தீர்ப்பு. 1960 டிசம்பரில் ஒரு பஞ்சாலைக் கம்பெனியின் மேனேஜர், கம்பெனி வேலையாக நாக்பூரிலிருந்து பாந்துர்ணாவுக்குக் கம்பெனி காரைத் தானே ஓட்டிச் சென்றார். தெரிந்தவர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டார். வழியில் விபத்து; ஏறிக்கொண்டவர் இறந்தார். கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மேனேஜர் டிரைவராக நியமிக்கப்பட்டவர் அல்ல; ஆனால் அவர் போனது கம்பெனி வேலையாக. எனவே அவருடைய அஜாக்கிரதைக்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பு.

ஆக, ஓட்டியவரின் பதவிப் பெயர் முக்கியமல்ல. ‘யாருடைய வேலையாகப் போனார்?’ என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்லும் சாட்சி, அலுவலக மூலையில் கிடக்கும் லாக் புக். புறப்பட்ட நேரம், போன இடம், காரணம், அனுமதித்தவர் கையெழுத்து. இந்த நான்கும் இல்லாவிட்டால், ‘அவர் சொந்த வேலையாகப் போனார்’ என்று நிர்வாகம் கை கழுவ வழி பிறக்கிறது.

நஷ்ட ஈடுதான் இப்படி நிர்வாகத்தின் பக்கம் போகும். குற்ற வழக்கு ஓட்டியவரை விட்டு நகராது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 5 ஆண்டுவரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது.

லைசென்ஸைப் பார்த்தீர்களா?

1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 5வது பிரிவு நேராக வண்டி உரிமையாளரைக் குறிவைக்கிறது. தகுதியான லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது. மீறினால், 2019ல் திருத்தப்பட்ட சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. ஆனால் பெரிய அடி வேறு. லைசென்ஸ் விஷயத்தில் உரிமையாளர் அலட்சியமாக இருந்தது நிரூபணமானால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2004ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. அதே சமயம், லைசென்ஸைப் பார்த்து, ஓட்டும் திறமையையும் சோதித்துவிட்டால் போதும்; ஒவ்வொன்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று 2003லேயே அது சொல்லியிருக்கிறது. கேட்கப்படுவது இவ்வளவுதான்: சாவி கொடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

வேன், மினி பஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் இருந்தது. கல்வி நிறுவனம் தன் மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்றிச் செல்ல வைத்திருக்கும், டிரைவர் தவிர ஆறு பேருக்கு மேல் உட்காரும் வண்டி, சட்டத்தின் கண்ணில் ‘கல்வி நிறுவனப் பேருந்து’. அது போக்குவரத்து வாகன வகையில் சேரும். சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை ஓட்டலாமா? 2024 நவம்பர் 6ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் பதில் தந்தது. வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாவிட்டால், இலகு ரக வாகன லைசென்ஸே போதும். அதைத் தாண்டிய பெரிய பஸ்ஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதால் நேற்றுவரை சிறிய கார் மட்டும் ஓட்டியவரிடம் இருபது மாணவர்களை ஒப்படைக்கலாமா என்பது வேறு விஷயம். பிரிட்டனில் 1997 ஜனவரி முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் மினி பஸ் ஓட்டப் பொதுவாகத் தனித் தகுதி பெற வேண்டும். அமெரிக்காவில் பத்துப் பேருக்கு மேல் ஏறினால் 15 இருக்கை வேன்கள் உருளும் அபாயம் பல மடங்காகிறது என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001ல் எச்சரித்தது. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் அந்த வேன்களுக்கே விடை கொடுத்தன.

ஓட்டியவருக்கு என்ன?

பலர் கவனிக்காத ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அரசு வாகனங்களுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. பல்கலைக்கழகம் தனிச் சட்டப்படி அமைந்த நிறுவனம். அரசு மானியத்தில் நடக்கிறது என்பதற்காக அதன் கார் அரசு கார் ஆகிவிடாது. எனவே இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் கட்டாய பாலிசி அடிபடும் மூன்றாம் நபரைக் காக்கிறது. சம்பளத்துக்கு வைத்த டிரைவருக்கும் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி சேர வேண்டியதை ஓரளவு ஏற்கிறது. சொந்தக் காரை ஓட்டுபவருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு 2018 முதல் உண்டு. ஆனால் அது வண்டிச் சொந்தக்காரரே ஓட்டும்போதுதான். நிறுவனத்தின் பெயரில் ஆர்.சி. புக் இருந்தால் அந்தக் காப்பே கிடையாது. ஒரு நிறுவனம் லைசென்ஸ் வைத்திருக்க முடியாது அல்லவா?

இப்போது பல்கலைக்கழகக் காரை ஓட்டிச் சென்ற உதவிப் பேராசிரியரைப் பாருங்கள். அவர் மூன்றாம் நபர் அல்ல. சம்பள டிரைவர் அல்ல. சொந்தக்காரரும் அல்ல. இரவில் தூக்கக் கலக்கத்தில் கார் தடுப்புச் சுவரில் மோதி அவர் இறந்துவிட்டால், குடும்பம் எந்தக் கதவைத் தட்டும்? பிறர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபராக நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று 2009லும் 2020லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘என் கணவர் இரவல் வாங்கவில்லை, அனுப்பப்பட்டுப் போனார்’ என்று மனைவி வாதாடலாம். ஆனால் வாதாடித்தான் பெற வேண்டும். அதற்கும் எழுத்தில் உத்தரவு இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டிரைவர் அல்லாத ஊழியர்கள் நிறுவன வண்டியில் பயணம் செய்யும்போதும் ஓட்டும்போதும் நிறுவனத்துக்கு ஏற்படும் சட்டப் பொறுப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டுபவருக்கும் பயணிகளுக்கும் விபத்துக் காப்பும் சேர்க்கலாம். காரின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு அற்பம். கேட்டு வாங்க ஆள் வேண்டும், அவ்வளவே.

சொந்த வண்டியில் போனால்?

சொந்த ஸ்கூட்டரில் அலுவலக வேலையாகப் போவோர் அதைவிட அதிகம். மத்திய அரசின் 2017ம் ஆண்டுப் பயணப்படி உத்தரவு, தனி விகிதம் நிர்ணயிக்கப்படாத இடங்களில் சொந்தக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாயும், ஸ்கூட்டருக்கு 12 ரூபாயும் என்று வைத்தது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் கூடும் என்றது. இந்தப் பணம் பெட்ரோலுக்கும் டயர் தேய்மானத்துக்கும் சரி, விபத்துக்கு அல்ல. மோதினால் பயன்படப்போவது ஊழியரின் சொந்த பாலிசிதான். அது காலாவதியாகியிருந்தால், அலுவலக வேலையின் நஷ்டம் அவர் வீட்டுக்கு வந்து சேரும். சக ஊழியர்களை ஏற்றிப் போய்க் காசு வாங்கினாலோ, ‘வாடகைக்கு ஓட்டினார்’ என்று கம்பெனி கோரிக்கையைத் தள்ளிவிட இடமாகும்.

சாவியை வாங்கும் முன்

● யார் அனுமதித்தார், எதற்காக, எங்கே என்பது எழுத்தில் இருக்கட்டும். ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

● வண்டியின் எடைக்கும் வகைக்கும் உங்கள் லைசென்ஸ் பொருந்துகிறதா?

● பாலிசியில் டிரைவர் அல்லாத ஊழியர் ஓட்டுவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? நிதிப் பிரிவில் கேளுங்கள்.

● பிரேக், டயர், விளக்கில் குறை தெரிந்தால் லாக் புக்கில் எழுதிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.

● விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி, பிறகு போலீஸ், பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூன்றுமே ஓட்டியவரின் சட்டப்படியான கடமை.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. யார் ஓட்டலாம் என்று ஒரு பட்டியல், ஆண்டுக்கொருமுறை லைசென்ஸ் சோதனை, இரவுப் பயணத்துக்கு ஒரு வரம்பு, பாலிசியில் இரண்டு கூடுதல் வரிகள். 2016ல் மேற்கு வங்க அரசு தொடங்கிய ‘சேஃப் டிரைவ், சேவ் லைஃப்’ இயக்கம் ஓட்டுபவரிடம் கவனம் கேட்டது. ஓட்டச் சொல்பவரும் அதே கவனத்தைக் காட்ட வேண்டாமா? பேனா வாங்கக்கூட மூன்று கையெழுத்துக் கேட்கும் பல்கலைக்கழக அலுவலகத்தில், ஓர் உயிரைச் சாலைக்கு அனுப்ப ஒரு கையெழுத்துக் கேட்பது அதிகமில்லை.