கட்டி பரவுமா? மரபணுக்களின் மீதுள்ள குறிகள் கூறுவது என்ன?

மார்பகப் புற்றுநோய் என உறுதியானதும் நோயாளியும் குடும்பத்தினரும் முதலில் கேட்பது, "இது வேறு இடங்களுக்குப் பரவுமா?" என்பதே. ஒரே அளவுள்ள கட்டி ஒருவருக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகிறது. மற்றொருவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எலும்பிலோ நுரையீரலிலோ மீண்டும் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிய முயலும் துறைகளுள் ஒன்று, எபிஜெனெடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல்.

மேல்மரபியல் குறி என்பது யாது?

நம் மரபணுக்கள் அனைத்தும் எப்போதும் இயங்குவதில்லை. நம் பகுதித் தொழிற்சாலைகளில், பழுதுபார்க்கப்படும் இயந்திரத்தின் சுவிட்சில் 'இயக்காதீர்' என்னும் அட்டையைத் தொங்கவிடுவர். இயந்திரம் முழுமையாக இருக்கும், ஆனால் ஓடாது. அதுபோல, மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் மிகுதியாக ஒட்டிக்கொண்டால், அம்மரபணு சிதையாமலேயே செயலற்றுப் போகக்கூடும்.

நோய் பரவுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சுவரில் செங்கற்களைச் சிமெண்டுக் கலவை பிணைப்பது போல, ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. சில மார்பகக் கட்டிகளில் இப்புரதத்தை உருவாக்கும் மரபணு மெத்தில் குறியால் அடக்கப்படுகிறது. பிணைப்புத் தளர்ந்த அணுக்கள் பிரிந்து, நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் பிற உறுப்புகளை அடைய வழி ஏற்படுகிறது. பிஐடிஎக்ஸ்2 என்னும் மரபணுவில் இக்குறி மிகுந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்று சிகிச்சையை முடிவு செய்வது எது?

மெத்தில் குறிச் சோதனைகள் இன்னும் வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவில்லை. கட்டியின் அளவு, தரநிலை, அக்குள் நிணநீர் முடிச்சுகள், ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவையே அடிப்படை.

ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத ஆரம்பநிலை நோய்க்கு மட்டும் வேறுவகை முன்கணிப்புச் சோதனைகள் உள்ளன. 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் சோதனை அவற்றுள் ஒன்று. 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லாத, 50 வயதைக் கடந்த பெண்களுள், நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கீமோதெரபியால் கூடுதல் பயனில்லை என அது நிறுவியது. அருகிலுள்ள பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்னும் சோதனை, கேட்ஹெரின் வகை உள்ளிட்ட 5 புரதங்களை ஆராய்ந்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கிறது.

தேவையற்ற கீமோதெரபியைத் தவிர்த்தால் உடல் துன்பமும், இழக்கும் கூலியும், பயணச் செலவும் குறையும். தேவைப்படுவோர் அதைத் தவிர்த்தால் உயிருக்கே ஆபத்து. எனவே இம்முடிவை மருத்துவருடன் கலந்தே எடுக்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• இச்சோதனைகளுக்கு அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவே போதும். அத்திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டை எங்குள்ளது எனக் கேட்டறிந்து, அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

• "என் நோய் வகைக்கு இச்சோதனை பொருந்துமா? முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?" என்று கேளுங்கள். மாற்றாது எனில் செலவு வேண்டாம்.

• 'குறைந்த ஆபத்து' என்பது வாய்ப்பு குறைவு என்பதேயன்றி, நோய் திரும்பாது என்னும் உறுதியன்று. ஹார்மோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• கட்டியில் தோன்றும் மெத்தில் குறிகள் பொதுவாக மகளுக்குச் செல்வதில்லை. குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்திருந்தால், பரம்பரை மரபணுச் சோதனை குறித்துத் தனியே ஆலோசனை பெறுங்கள்.