பயிர்ச் சுழற்சியும் அமோனியா வெளியேற்றமும்

பயிர்ச் சுழற்சி என்பது ஒரே நிலத்தில் பருவந்தோறும் வெவ்வேறு பயிர்களை ஓர் ஒழுங்கில் மாற்றிப் பயிரிடும் முறையாகும். உரத்திலும் எருவிலும் உள்ள நைட்ரசன் அமோனியா வளிமமாக மாறிக் காற்றில் கலப்பது அமோனியா வெளியேற்றம் எனப்படும். மாந்தச் செயல்களால் வெளியேறும் அமோனியாவின் மிகப்பெரும் பகுதி வேளாண்மையிலிருந்தும் கால்நடை வளர்ப்பிலிருந்தும் வருகிறது. பயிரைச் சுழற்றினால் இவ்விழப்பு குறையுமா என்னும் வினாவுக்கு எளிய விடை இல்லை.

அமோனியா வெளியேறும் விதம்

யூரியாவின் எடையில் 46 விழுக்காடு நைட்ரசன் ஆகும். மண்ணில் இடப்பட்ட யூரியாவை யூரியேசு என்னும் நொதி சிதைக்கிறது. (1926 இல் சேம்சு சம்னர் படிகமாகப் பிரித்தெடுத்த இந்நொதி, நொதிகள் புரதங்களே என்பதற்குச் சான்றாயிற்று.) இச்சிதைவின்போது உர மணியைச் சுற்றிக் காரத்தன்மை கூடுவதால், உண்டாகும் அம்மோனியத்தின் ஒரு பகுதி அமோனியாவாகி மேலெழுகிறது. கார மண்ணிலும், வெப்பமும் காற்றும் மிகுந்த நாட்களிலும், உரத்தை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவும்போதும் இழப்பு மிகும். நீர் தேங்கிய நெல்வயலில் பாசிகள் பகலில் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை உயர்ந்து, நண்பகலை ஒட்டி இழப்பு உச்சமடைகிறது.

பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2019 இல் செம்மைப்படுத்திய கணக்கீட்டு முறையின்படி, யூரியாவில் உள்ள நைட்ரசனில் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வாறு வளிமமாகப் போகிறது. உழவரைப் பொறுத்தவரை இது வீணான பணம். ஊராரைப் பொறுத்தவரை இது மூச்சுக் காற்றின் சிக்கல். ஊர்திகளும் ஆலைகளும் வெளியிடும் வளிமங்களிலிருந்து உண்டாகும் அமிலங்களுடன் அமோனியா சேர்ந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களாகிறது.

பயறு வகைகளின் பங்கு

பயறு வகைத் தாவரங்கள் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றின் நைட்ரசனைப் பயன்படுத்துகின்றன என்பதை 1886 இல் செருமானிய அறிஞர் எல்ரீகல் அறிவித்தார். சுழற்சியில் பயறு இடம்பெற்றால் அப்பருவத்திற்கு யூரியா பெரும்பாலும் தேவைப்படாது. அடுத்த பயிரின் தேவையும் குறையும். இடாத உரத்திலிருந்து அமோனியா எழுவதில்லை. சுழற்சியின் முதன்மையான பயன் இதுவே.

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்சுடன் பண்ணையில் நடைபெற்ற நீண்டகால ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மக்காச்சோளம், சோயா அவரை ஆகிய இரண்டை மட்டும் மாற்றிப் பயிரிடும் முறையோடு, சிறுதானியத்துடன் குளோவர் அல்லது குதிரை மசால் சேர்த்த மூன்றாண்டு, நான்காண்டுச் சுழற்சிகள் அங்கு ஒப்பிடப்பட்டன. 2012 இல் வெளியான முடிவுகளின்படி, நீண்ட சுழற்சிகளில் வேதியுரமும் களைக்கொல்லியும் பெரிதும் குறைந்தும் விளைச்சலும் இலாபமும் குறையவில்லை. ஆனால் இச்சுழற்சிகளில் மாட்டெருவும் இடப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எருவும் அமோனியாவை வெளியிடும். மசாலைத் தின்னும் மாட்டின் சிறுநீரும் வெளியிடும். எனவே வயலின் உரக் கணக்கை மட்டும் பார்த்து அமோனியா குறைந்தது என்று கூறிவிட இயலாது.

பயிர்க்கழிவும் கருதத்தக்கது. நைட்ரசன் செறிந்த பயறுத் தழை நிலத்தின் மேல் கிடந்து அழுகினால் அதிலிருந்தும் அமோனியா எழும். மடக்கி உழுதால் இது குறையும். மாறாக, உழாமல் வைக்கோலை மேலே விட்டு அதன்மீது யூரியா தூவினால், வைக்கோலில் உள்ள யூரியேசு நொதி இழப்பைக் கூட்டும்.

ஆய்வுப் போக்குகள்

பயிர்ச் சுழற்சி ஆய்வுகள் நெடுங்காலம் விளைச்சலையும் நைட்ரேட்டுக் கசிவையும் நைட்ரசு ஆக்சைடையுமே பெரிதும் அளந்தன. அமோனியாவை அளப்பது கடினம்: மூடிய கலத்தை நிலத்தில் வைத்தால் காற்றோட்டம் மாறிவிடும், வளிமமோ கருவியின் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். 2006 இல் ஏவப்பட்ட மெட்டாப்-ஏ செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவித் தரவுகளைக் கொண்டு 2009 இல் உலக அமோனியா வரைபடம் வெளியானபோது, நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் சிந்து-கங்கைச் சமவெளி மிகச் செறிந்த பகுதிகளுள் ஒன்றாகத் தெரிந்தது. அங்கும் நடப்பது பயிர்ச் சுழற்சிதான். ஆனால் இரண்டும் யூரியாவை மிகுதியாக வேண்டும் தானியங்கள். கோதுமைக்கும் நெல்லுக்கும் இடையில் பாசிப்பயறு விதைப்பது அங்கு ஆராயப்படும் மாற்றுகளுள் ஒன்றாகும்.

ஒரு மாசைக் குறைக்கும் முயற்சி மற்றொன்றைக் கூட்டுவதும் உண்டு. இந்தியாவில் 2015 இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. இத்தகைய தடுப்பான்கள் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தி நைட்ரசு ஆக்சைடைக் குறைக்கின்றன. ஆனால் அம்மோனியம் மண்ணில் கூடுதல் நாட்கள் தங்குவதால், மேலே தூவப்பட்ட நிலையில் அமோனியா இழப்பு உயரக்கூடும்.