போர்ப் பாடம் சொன்ன ஆசிரியரையே சுட்டுக்கொன்ற நாடு: யார் இந்த ஸ்வெச்சின்?

'ஆபரேஷனல் ஆர்ட்'. அமெரிக்கா உட்படப் பல நாட்டு ராணுவக் கல்லூரிகளில் இன்று நடத்தப்படும் பாடம் இது. 1920-களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மாஸ்கோவில் பாடம் நடத்திய அலெக்சாண்டர் ஸ்வெச்சின். 1938-ல் அவரைச் சுட்டுக்கொன்றது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த நாடுதான். ஏன்?

யார் இவர்?

1878-ல் ஒடெசாவில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ ஜெனரல். ரஷ்ய-ஜப்பான் போர், முதல் உலகப் போர் இரண்டிலும் பங்கேற்று, ஜார் மன்னரின் ராணுவத்தில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். புரட்சிக்குப் பிறகு, 1918 மார்ச்சில் செம்படையில் சேர்ந்தார். சில மாதங்கள் ராணுவத் தலைமையகப் பொறுப்பு. அதே ஆண்டிலேயே ராணுவ அகாடமிக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டார். வகுப்பறைதான் அதன்பின் அவருடைய களம்.

அப்படி என்ன சொன்னார்?

ஆபீஸ் கணக்கில் பார்க்கலாம். இன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று, நிறுவனத்தின் ஐந்தாண்டு இலக்கு இன்னொன்று. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு திட்டம் வேணும் இல்லையா? போரிலும் அப்படித்தான். களத்தில் நடக்கும் ஒவ்வொரு சண்டையும் 'டாக்டிக்ஸ்'. போரின் மொத்த இலக்கு 'ஸ்ட்ராட்டஜி'. பல சண்டைகளைக் கோத்து அந்த இலக்கை நோக்கிக் கொண்டுபோகும் நடுப்படிக்கு அவர் வைத்த பெயர்தான் 'ஆபரேஷனல் ஆர்ட்'.

1926-ல் வெளிவந்த 'ஸ்ட்ராட்டஜி' நூலில் இன்னொரு வாதமும் வைத்தார். ஒரே அடியில் எதிரியை வீழ்த்தும் போர் ஒரு வகை. பொருளாதாரம், ஆள்பலம், காலம் எல்லாவற்றையும் பயன்படுத்தி எதிரியைத் தேயவைக்கும் போர் இன்னொரு வகை. இரண்டாவதுக்கும், ஆரம்பத்தில் தற்காப்புக்கும் நாடு தயாராக இருக்கணும் என்றார். எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் லெனின்கிராடில் தொழிற்சாலைகள் குவிந்திருப்பது ஆபத்து என்றும் எழுதினார்.

சிக்கல் எங்கே வந்தது?

தாக்குதல்தான் புரட்சி ராணுவத்தின் வழி என்று நம்பியவர் மிகாயில் துகாசெவ்ஸ்கி. 1931-ல் ஸ்வெச்சினின் கருத்துகளை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். கருத்து மோதலோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஜார் காலத்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கைதான வழக்கில் ஸ்வெச்சினும் அதே ஆண்டு சிக்கினார். 5 ஆண்டு முகாம் தண்டனை. ஆனால் 1932-லேயே விடுவிக்கப்பட்டு மீண்டும் பணிக்கு வந்தார், பிறகு பாடமும் நடத்தினார்.

1937 டிசம்பரில் மறுபடி கைது. 1938 ஜூலை 29-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரைக் கண்டித்த துகாசெவ்ஸ்கி அதற்கு ஓராண்டு முன்பே, 1937 ஜூனில், சுடப்பட்டிருந்தார். நாட்டின் 5 மார்ஷல்களில் 3 பேர் அந்தக் களையெடுப்பில் உயிரிழந்தார்கள். எந்தப் பக்கம் வாதாடினாலும் தப்பிக்க வழியில்லை.

யார் சொன்னது சரி?

1941 ஜூன் 22-ல் ஜெர்மனி தாக்கியது. ஆறே மாதத்துக்குள் மாஸ்கோவின் வாசல் வரை வந்துவிட்டது. லெனின்கிராட் 872 நாள் முற்றுகையில் தவித்தது. 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளை அவசர அவசரமாகக் கிழக்கே நகர்த்த வேண்டியிருந்தது. ஸ்வெச்சின் எச்சரித்த நீண்ட போர் இதுதான்.

ஆனால் கதை ஒருபக்கமானது இல்லை. 1944-ல் சோவியத் படைகள் ஜெர்மன் அணிகளை உடைத்து ஆழமாக ஊடுருவியபோது கைகொடுத்தது துகாசெவ்ஸ்கி தரப்பு வளர்த்த சிந்தனை. தாக்குப்பிடிக்க ஒருவர் பாடம், திருப்பி அடிக்க இன்னொருவர் பாடம். இரண்டும் தேவைப்பட்டன. அவற்றைச் சொல்லித்தர இருவருமே உயிரோடு இல்லை. அந்தப் போரில் சோவியத் இழந்த உயிர்கள் சுமார் 2.7 கோடி.

பிறகு?

1956-ல் ஸ்வெச்சின் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. 1980-களில் அமெரிக்க ராணுவம் 'ஆபரேஷனல் ஆர்ட்' என்ற கருத்தைத் தன் போர்க் கையேட்டில் சேர்த்தது. 1992-ல் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது.

பாஸுக்குப் பிடிக்காத கணக்கைச் சொல்பவரை மீட்டிங்கிலிருந்து வெளியேற்றிவிடலாம். அதனால் கணக்கு மாறிவிடாது. ஸ்வெச்சின் விஷயத்தில் அந்தக் கணக்கு 1941-ல் வந்து நின்றது.