அம்பத்தூர் முதல் ஆவடி வரை, கால்நடையாக

அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் ஆவடி. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் போனதும் இவ்வழியேதான். அம்பத்தூர் முதல் ஆவடி வரையிலான தூரத்தை ஒரு ஞாயிறு விடியலில் சி.டி.எச். சாலை வழியே நடந்து பாருங்கள், நேயர்களே. பாதி வழியில் திருமுல்லைவாயில். சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் சுந்தரர் பாடிய மாசிலாமணீஸ்வரர் கோயில். கருவறை முன்னே நிற்கும் எருக்கந்தூண்களை அவசியம் பாருங்கள். எருக்கு இவ்வளவு பருக்குமா என்று வியப்பு வரும். பௌர்ணமியும் வெள்ளியும் சேரும் நாளில், மேலூர், திருவொற்றியூர் அம்மன்களைத் தரிசித்துவிட்டு மாலையில் இங்கே கொடியிடை அம்மனிடம் வந்து சேரும் கூட்டம் பெரிது. சி.டி.எச். சாலையில் நடைபாதை பல இடங்களில் இல்லை. நடப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அது வரும்வரை, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாகவே நடங்கள்.